வீட்டில் மின்சுற்றுப் பலகை தயாரித்தல்: புற ஊதா விளக்கைத் தேர்ந்தெடுத்தலும் கண் பாதுகாப்பும்

கண்ணோட்டம்

வானொலி, மின்னேற்றி, வாகனக் கட்டுப்பாட்டுக் கருவி முதலிய எல்லா மின்னணுச் சாதனங்களுக்குள்ளும் செம்புக் கோடுகள் படிந்த பலகை ஒன்று இருக்கும். அதுவே மின்சுற்றுப் பலகை; கடைகளில் ‘பிசிபி’ என்று கேட்டால் கிடைக்கும். ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பாலிடெக்னிக் மற்றும் பொறியியல் மாணவர்களும், பழுதுபார்க்கும் தொழில் செய்வோரும், ஆலைப்பணி முடிந்து வீட்டில் சிறு கருவிகள் செய்து பார்ப்போரும் இப்பலகையைத் தாமே தயாரிப்பதுண்டு. அதற்குப் புற ஊதா விளக்கு தேவைப்படுகிறது.

‘புற ஊதா விளக்கு’, ‘யூ.வி. டியூப்’ என்னும் பெயர்களில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இருவகை விளக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று இவ்வேலைக்கு ஏற்றது. மற்றொன்று வேலைக்கும் உதவாது. சில நிமிடங்களில் கண்ணையும் புண்படுத்திவிடும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது விளக்கின் மீதோ உறையின் மீதோ அச்சிடப்பட்டுள்ள நானோமீட்டர் எண் ஒன்றே. அந்த எண்ணைப் படித்து விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், கண்ணில் கதிர் பட்டுவிட்டால் நோயாளியும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

இவ்வேலையில் புற ஊதாக் கதிரின் பங்கு

செம்புத் தகட்டின் மேல் ஒளியுணர் படலம் ஒன்று ஒட்டப்படுகிறது. ‘டிரை ஃபிலிம்’ என்று விற்கப்படுவது இதுவே. மின்சுற்றின் வரைபடம் அச்சிட்ட ஒளிபுகும் தாளை அதன் மேல் வைத்து, தாள் நகராதிருக்க ஒரு கண்ணாடித் தகட்டால் அழுத்தி, மேலிருந்து கதிர் பாய்ச்சுவர். கதிர் பட்ட இடத்தில் படலம் இறுகும். கதிர் படாத இடம் சலவைச் சோடாக் கரைசலில் கரைந்துவிடும். பின்னர் ஃபெரிக் குளோரைடு கரைசல், படலம் நீங்கிய இடத்துச் செம்பை அரித்துவிட, கோடுகள் மட்டும் எஞ்சி நிற்கும்.

இந்தப் படலங்கள் பெரும்பாலும் 350 முதல் 405 நானோமீட்டர் வரையிலான கதிருக்கே நன்கு வினைபுரிகின்றன. எனவே நீங்கள் தேட வேண்டிய எண் 365, 385, 395, 405 ஆகியவற்றுள் ஒன்றாகவோ அவற்றுக்கு நெருங்கியதாகவோ இருக்க வேண்டும்.

புற ஊதாக் கதிரின் மூன்று பிரிவுகள்

1. ‘ஏ’ பிரிவு: 315 முதல் 400 நானோமீட்டர் வரை. வெயிலில் நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி இதுவே. மூன்றனுள் ஊறு குறைந்தது. எனினும் நீண்ட நேரம் கண்ணில் பட்டால் விழிவில்லையையும், தோலில் பட்டால் அதன் ஆழ்அடுக்கையும் பாதிக்கும்.

2. ‘பி’ பிரிவு: 280 முதல் 315 நானோமீட்டர் வரை. வெயிற்புண்ணுக்கு முதன்மைக் காரணம் இது.

3. ‘சி’ பிரிவு: 100 முதல் 280 நானோமீட்டர் வரை. சூரியனிலிருந்து வரும் ‘சி’ கதிரை வளிமண்டலம் முழுமையாகத் தடுத்துவிடுவதால், மனிதக் கண்ணும் தோலும் இதனைச் செயற்கை விளக்குகளிலிருந்தே சந்திக்கின்றன. கிருமிநாசினிக் குழாய் வெளியிடும் 254 நானோமீட்டர் கதிர் இப்பிரிவைச் சேர்ந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற ஊதாக் கதிரை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்துள்ளது. ஆகவே, எந்தப் பிரிவாயினும் தேவைக்கு மேல் உடலில் படவிடாமல் இருப்பதே பொது விதி.

தவறு நேரும் இடம்

சிறு நகரங்களில் ‘யூ.வி. டியூப்’ என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் கையில் கிடைப்பது குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்கான மாற்றுக் குழாய்தான். அது 254 நானோமீட்டர் குழாய். மருத்துவமனை அறுவை அரங்குகளில் பயன்படும் குழாயும், 2020-ஆம் ஆண்டுக்குப் பின் கோவிட் காலத்தில் பரவலாக விற்கப்பட்டு இன்று வீட்டு மூலைகளில் கிடக்கும் ‘கிருமி நீக்கும் பெட்டி’களில் உள்ள குழாயும், பழைய நினைவகச் சில்லுகளை அழிக்கும் கருவியில் உள்ள குழாயும் அவ்வகையே. கைகளையோ தோலின் எப்பகுதியையோ தூய்மைப்படுத்தப் புற ஊதா விளக்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கோவிட் காலத்திலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது.

இக்குழாய் இவ்வேலைக்கு ஏன் உதவாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வரைபடத்தை அழுத்தி வைக்கும் சாதாரணக் கண்ணாடி 254 நானோமீட்டர் கதிரை உள்ளே விடுவதில்லை; வரைபடம் அச்சிட்ட பாலியெஸ்டர் தாளும் விடுவதில்லை. குழாயிலிருந்து சிறிதளவு கசியும் நீண்ட அலைநீளக் கதிர் மட்டுமே படலத்தைச் சென்றடைகிறது. ஆகவே படலம் மிக மெதுவாக இறுகும். ‘இன்னும் ஆகவில்லையே’ என்று பயனர் நேரத்தைக் கூட்டுவார். பலமுறை குனிந்து பார்ப்பார். பலகைக்குப் போய்ச் சேராத கதிர் முழுவதும் அவரது முகத்தில் படுகிறது.

அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம், 254 நானோமீட்டர் கதிர் எட்டு மணி நேரத்தில் கண்ணிலும் தோலிலும் படத்தக்க மொத்த அளவைச் சதுர மீட்டருக்கு 60 ஜூல் என வரையறுத்துள்ளது. சாதாரண 15 வாட் கிருமிநாசினிக் குழாயிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர் அந்த எல்லையை இரண்டு மூன்று நிமிடங்களில் கடந்துவிடுவார். மேசை மேல் ஓரடித் தொலைவில் குனிந்து பார்ப்பவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஏற்ற விளக்குகள்

1. ‘ஏ’ பிரிவுக் குழாய் விளக்கு. இனிப்பகங்களிலும் உணவகங்களிலும் ஈக்களைக் கவரும் கருவியில் எரியும் நீலக் குழாய் இவ்வகை. இதன் கதிர் 350 முதல் 370 நானோமீட்டருக்குள் செறிந்திருக்கும். கருநீலக் கண்ணாடி கொண்ட ‘பிளாக் லைட்’ குழாயும் இதே பிரிவைச் சேர்ந்தது. 8 முதல் 20 வாட் வரையிலான குழாய்கள் இரண்டோ நான்கோ அருகருகே பொருத்தினால் பெரிய பலகைக்கும் ஒளி சீராகப் பரவும். இவற்றுள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடையாமல் கையாள வேண்டும்.

2. 395 முதல் 405 நானோமீட்டர் எல்.இ.டி. பாதரசம் இல்லை. ஊதா ஒளி கண்ணுக்குத் தெரிவதால், விளக்கு எரிகிறது என்பதை மறக்க இடமில்லை. பெரும்பாலான படலங்கள் இதற்கு வினைபுரியும். முதன்முறை செய்வோருக்கும் வீட்டில் குழந்தைகள் உள்ளோருக்கும் இதுவே பொருத்தமான தேர்வு. ஆயினும் அருகிலிருந்து உற்றுப் பார்த்தால் விழித்திரைக்கு ஊறு நேரலாம்.

3. 365 நானோமீட்டர் எல்.இ.டி. விரைவாக வேலை முடியும். ஆனால் இதன் ஒளி மங்கலாகவே தோன்றும். பளிச்சென்ற ஒளியைக் கண்டால் பாவை சுருங்குவதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இயல்பு. இங்கே அந்த இயல்பான தற்காப்பு நிகழ்வதில்லை. மூடிய பெட்டியும் பாதுகாப்புக் கண்ணாடியும் இன்றி இதனைப் பயன்படுத்தாதீர்கள்.

4. நகப்பூச்சு உலர்த்தும் விளக்கு. இது 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான ‘ஏ’ பிரிவு விளக்கே. நேரக்கட்டுப்பாடும் உடன் அமைந்திருக்கும். திறந்துள்ள முன்பக்கத்தைக் கறுப்பு அட்டையால் மூடிக்கொண்டால் சிறு பலகைகளுக்குப் போதுமானது.

5. வெயில். செலவற்றது, ஆனால் மேகத்துக்கும் வேளைக்கும் ஏற்ப நேரம் மாறும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் மென்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். பலகையைத் துணியால் மூடி வெளியே கொண்டு சென்று, நேரம் முடிந்ததும் மீண்டும் மூடி உள்ளே எடுத்து வாருங்கள். கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியைப் பார்க்காதீர்கள்.

தவிர்க்க வேண்டிய விளக்குகள்

• 254 நானோமீட்டர் என்றோ, ‘கிருமிநாசினி’ என்றோ, ‘டி.யூ.வி.’ என்றோ குறிக்கப்பட்ட எந்தக் குழாயும்.

• 185 நானோமீட்டர் கதிரும் வெளியிடும் ‘ஓசோன்’ குழாய். மூடிய அறையில் உண்டாகும் ஓசோன் வாயு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்; ஆஸ்துமா உள்ளோருக்கு மிகவும் தீங்கானது.

• வெளிக் கண்ணாடி உடைந்த பாதரச ஆவித் தெருவிளக்கு. வெளிக் குமிழை வேண்டுமென்றே உடைத்துவிட்டு உள்குழாயைப் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. வடிகட்டியாக இருந்த கண்ணாடி நீங்கியதும் ‘பி’, ‘சி’ பிரிவுக் கதிர்கள் தடையின்றி வெளிவரும். அமெரிக்காவில் உள்விளையாட்டரங்குகளில் இத்தகைய உடைந்த விளக்குகளின்கீழ் விளையாடியோருக்குக் கண் அழற்சியும் தோல் புண்ணும் ஏற்பட்டதுண்டு.

• அலைநீளம் குறிக்கப்படாத எந்த விளக்கும்.

எஸ்.பி. சாலைக்கோ ரிச்சி தெருவுக்கோ செல்லும்போதும், இணையவழி வாங்கும்போதும், ‘யூ.வி. விளக்கு வேண்டும்’ என்று மட்டும் கேளாமல் ‘365’ அல்லது ‘405 நானோமீட்டர்’ என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் உள்ள குழாயின் எழுத்து அழிந்திருந்தால், எரிய விடாமல் பாருங்கள். கண்ணாடி முழுவதும் தெளிவாகவும் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் புலப்படுமாறும் இருந்தால், அது கிருமிநாசினிக் குழாய் என்றே கொள்ளுங்கள். வெண்பூச்சோ கருநீல நிறமோ இருந்தாலும், எழுத்தைப் படித்து உறுதிசெய்யாமல் பயன்படுத்தாதீர்கள்.

பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

1. விளக்கை மரத்தாலோ தகரத்தாலோ ஆன மூடிய பெட்டிக்குள் பொருத்துங்கள். மூடியைத் திறந்ததும் விளக்கு தானே அணையும்படி ஒரு பொத்தானை மூடியின் விளிம்பில் இணையுங்கள்.

2. நேரக்கட்டுப்பாட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள். ‘ஆயிற்றா’ என்று திறந்து பார்க்கும் தேவை அதனால் நீங்கும்.

3. உரிய நேரத்தை ஒரே சோதனையில் கண்டறியலாம். சிறு துண்டுப் பலகையை அட்டையால் மூடி, 30 வினாடிக்கு ஒருமுறை விளக்கை அணைத்து அட்டையைச் சிறிது நகர்த்தி, மீண்டும் எரியவிடுங்கள். கழுவிய பின் எந்தப் பட்டை தெளிவாக நிற்கிறதோ அதுவே உங்கள் விளக்குக்கு ஏற்ற நேரம். விளக்கையும் தொலைவையும் பொறுத்து இது சில பத்து வினாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை அமையும்.

4. பக்கங்களையும் மறைக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். உறையில் புற ஊதாத் தடுப்பு பற்றிய குறிப்பு இருக்க வேண்டும். வெறும் கறுப்புக் கண்ணாடி போதாது. அது பாவையை விரியச் செய்வதால், தடுப்புத் திறன் இல்லாவிடில் தீங்கு கூடும்.

5. முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணியுங்கள்.

6. ஒற்றை அறையில் குடும்பத்துடன் வாழ்பவர், மற்றவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அறையில் இல்லாத வேளையில் இவ்வேலையைச் செய்யுங்கள். குழந்தைகளின் விழிவில்லை, பெரியோருடையதைக் காட்டிலும் மிகுதியான புற ஊதாக் கதிரை உள்ளே விடுகிறது.

யார் இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும்?

• லூபஸ், போர்ஃபிரியா, சீரோடெர்மா பிக்மென்டோசம் முதலிய ஒளிக்கூச்ச நோய் உள்ளோர்.

• வெண்புள்ளி அல்லது சொரியாசிஸுக்காகச் சோராலன் மருந்து உட்கொள்வோர். இம்மருந்து தோலை ‘ஏ’ பிரிவுக் கதிருக்கே மிகுந்த கூருணர்வு உடையதாக்குகிறது. ஆகவே இவர்களுக்கு 365 நானோமீட்டர் விளக்கும் பாதுகாப்பானதன்று.

• டாக்சிசைக்ளின், அமியோடரோன், ஹைட்ரோகுளோரோதயசைடு முதலிய மருந்துகளை உட்கொள்வோர். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து முடியும்வரை விளக்கு வேலையை நிறுத்துங்கள்.

• கண்புரை அறுவைக்குப் பின் உள்விழி வில்லை பொருத்தப்படாதோர், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டோர்.

இவர்கள் லேசர் அச்சுத் தாளைச் சலவைப் பெட்டியால் தேய்த்துச் செம்பில் பதிக்கும் முறையைப் பயன்படுத்தலாம். அதற்குப் புற ஊதா விளக்கே தேவையில்லை.

கண்ணில் கதிர் பட்டால்: அறிகுறிகள்

‘பி’, ‘சி’ பிரிவுக் கதிர்கள் கருவிழியின் மேற்படலத்தைச் சுடுகின்றன. இதுவே ஒளிசார் கருவிழி அழற்சி. தடுப்பின்றிப் பற்றவைக்கும் வேலை பார்த்தவருக்கு இரவில் வரும் கண்வலியும் இதுவே. தொழிற்பேட்டைப் பகுதியில் இதனை அறியாத குடும்பம் குறைவு.

கதிர் படும்போது வலியே இராது. ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தொடங்கும். மாலையில் விளக்கருகே இருந்தவர் நள்ளிரவில் கண்ணைத் திறக்க முடியாமல் விழித்தெழுவார். காரணம் நினைவுக்கு வராததால் குடும்பத்தார் அஞ்சுவர். 2023 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஒரு விழாவிலும் இவ்வாறே நேர்ந்தது. அங்கு பொருத்தப்பட்ட புற ஊதா விளக்குகளின் அருகே இருந்தோர் பலர், வீடு திரும்பிய பின்னரே கண்வலியையும் தோல் எரிச்சலையும் உணர்ந்தனர்.

• இரு கண்களிலும் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல்
• நில்லாது வழியும் கண்ணீர், சிவப்பு
• வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, இமைகள் தாமே இறுக மூடிக்கொள்ளுதல்
• மங்கலான பார்வை
• முகம், கழுத்து, முன்கைகளில் வெயிற்புண் போன்ற சிவப்பும் எரிச்சலும்

பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்தில் மேற்படலம் தானே புதிதாக வளர்ந்து, பார்வை முன்போல் ஆகிவிடும். இதனை நோயாளியிடம் சொல்லி அமைதிப்படுத்துவது உடனிருப்போரின் முதல் உதவி.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

• விளக்கை அணைத்து, நோயாளியை இருண்ட அறையில் படுக்க வையுங்கள்.
• தொடுவில்லை அணிந்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கண் முழுதும் ஆறும்வரை மீண்டும் அணியக் கூடாது.
• தூய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் வையுங்கள்.
• ஒவ்வாமை இல்லாதவருக்கு, வயதுக்கு உரிய அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம்.
• விளக்கின் மீதுள்ள எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள். எத்தனை நிமிடம், எவ்வளவு தொலைவில் இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு இது பெரிதும் உதவும்.

செய்யக் கூடாதவை

• கண்ணைக் கசக்காதீர்கள்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். மேற்படலம் உரிந்த கண்ணில் கிருமித் தொற்று எளிதில் பற்றும்.
• மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு சொட்டு மருந்தையோ, மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தையோ பயன்படுத்தாதீர்கள். பின்னது உடனே வலியைப் போக்கும். ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாமல் நிரந்தரக் கேடு விளையலாம்.
• நோயாளி வாகனம் ஓட்டக் கூடாது. நெடுஞ்சாலையில் எதிரே வரும் விளக்கொளியில் அவரால் கண் திறக்க இயலாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• வலி 24 மணி நேரத்தில் குறையத் தொடங்காமை
• பார்வை தெளிவாகக் குறைதல்; பார்வையின் நடுவே கரும்புள்ளி தோன்றுதல் (விழித்திரை பாதிப்பின் அறிகுறி)
• ஒரு கண்ணில் மட்டும் கடும் வலி. துகள் புகுந்திருக்கலாம் என்ற ஐயம்
• சீழ் வடிதல், கருவிழியில் வெண்புள்ளி
• குழந்தைகளுக்கும், தொடுவில்லை அணிவோருக்கும், ஏற்கெனவே கண்ணோய் உள்ளோருக்கும் எவ்வகை அறிகுறியும்
• ஃபெரிக் குளோரைடோ, படலம் நீக்கப் பயன்படும் காஸ்டிக் சோடாவோ கண்ணில் தெறித்தல். இந்நிலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்னரே, இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தூய நீரில் கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும், நொடியும் தாமதிக்காதீர்கள்.

அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ, 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையோ அணுகலாம். எல்லைக்கு அப்பால் பணிபுரிவோர் பெங்களூருவின் மிண்டோ அரசு கண் மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கு மஞ்சள் நிறச் சாயச் சொட்டு விட்டு, நீல ஒளியில் கருவிழியைப் பார்ப்பர். பாதிக்கப்பட்ட இடங்கள் சிறு பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். மசகுச் சொட்டும், தொற்றைத் தடுக்கும் களிம்பும், வலி நிவாரணியும் பொதுவாக வழங்கப்படும்.

குழாய் உடைந்தால்

மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, 10 முதல் 15 நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். துடைப்பமோ தூசி உறிஞ்சியோ பயன்படுத்தாதீர்கள். பாதரசம் மேலும் பரவும். கையுறை அணிந்து, துண்டுகளைத் தடித்த அட்டையால் வாரி, எஞ்சிய துகளை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள புட்டியில் இடுங்கள். அதனை வீட்டுக் குப்பையுடன் கலக்காமல், ஆபத்தான கழிவு எனக் கூறித் தனியே ஒப்படையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரிரு நொடி மட்டும் கிருமிநாசினிக் குழாயைப் பார்த்துவிட்டேன். பார்வை போய்விடுமா?
இல்லை. எட்டிநின்று ஓரிரு நொடி பார்த்ததால் பெரும்பாலும் எதுவும் நேராது. அன்றிரவு உறுத்தல் ஏற்பட்டாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

பவர் கண்ணாடி அணிந்திருக்கிறேன். அது போதுமா?
நேர் எதிரே வரும் ‘சி’ பிரிவுக் கதிரை அது தடுக்கும். பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் நுழையும் கதிரைத் தடுக்காது. போதாது.

ஒருமுறை ஆறிவிட்டது. மீண்டும் அதே விளக்கைப் பயன்படுத்தலாமா?
கூடாது. வலி ஆறினாலும், திரும்பத் திரும்பப் படும் கதிரின் பாதிப்பு தோலிலும் கண்ணிலும் சேர்ந்துகொண்டே போகும். விளக்கை மாற்றுங்கள்.

நினைவில் கொள்க

365 முதல் 405 வரையிலான எண் பலகைக்கு உரியது; 254 என்ற எண் உள்ள குழாயை வேலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். எண் இல்லாத விளக்கை வாங்காதீர்கள். வலி தாமதமாகவே வரும் என்பதால், ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விளக்கருகே இருக்கும்போது எண்ணுவது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். இப்பக்கத்தின் தகவல்கள் பொது அறிவுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.